திருப்பிப் போட்ட பெஞ்சு

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஜார்ஜ் டவுன் ஃபெரிப் படகில் பெஞ்சுகளின் சாய்மானத்தை எந்தப் பக்கமும் தள்ளலாம். வெள்ளைத் தொப்பியும் வெற்றிலைச் சிரிப்புமாக வரும் மூத்த பயணி ஒருவர், தினமும் அதைத் தள்ளி என் எதிரே உட்கார்ந்து உலக அரசியல் பேசுவார். அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து, அமெரிக்கா பதிலுக்கு ஏவுகணை வீசிய வாரம் அது.

“குண்டு வச்சவன அடிக்காம கொஞ்சணுமாண்ணே?” என்றேன்.

“ஆளப் புடிச்சுக் கோர்ட்டுல நிறுத்துலா தம்பி. ராக்கெட் விட்டா அவனுக்குத்தான் புதுசா ஆள் சேரும்.”

“புடிக்கிறதுக்குள்ள இன்னும் எத்தன பேரு சாவாங்க?”

அவர் முகம் இறுகியது. சாய்மானத்தைப் படீரெனத் தள்ளி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். இனி பேசமாட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பெஞ்சு என் பக்கம் திரும்பியிருந்தது.

“உக்காரு தம்பி. நேத்து நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உன் ராக்கெட்கிட்டயும் இல்ல. கரை வர்ற வரைக்கும் தேடுவோம்லா.”

பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு அக்கரை மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது.