இரண்டு இருபத்தாறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் முட்டாள். மேடு என்றால் அடையாறு பாலம்தான் என்கிற ஊரில், மலை ஏறுவதற்கென்று செய்த சைக்கிளை வாங்கினவன். நீல உடம்பு, மஞ்சள் கோடு, உடம்பெல்லாம் மொத்த மொத்தமாகக் குழாய், முண்டும் முடிச்சுமாக இரண்டு தடி டயர். தொண்ணூறுகளின் நடுவில் மாட வீதியில் அதை உருட்டிக்கொண்டு போனால், கோயிலுக்குப் போகிற மாமிகள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த மரியாதைக்காகத்தான் வாங்கினேன். மலை ஏறுவதாவது!

ஓட்டிப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. முண்டு டயர் தார் ரோட்டில் 'ஙொய்ய்ய்' என்று அழும். மிதிக்கிற மிதியில் பாதி அந்த அழுகைக்கே போய்விடும். கறுப்புச் சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட பெரியவர், வாயில் பீடியோடு என்னைத் தாண்டிப் போவார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதுதான் எரிச்சல்.

அப்போது கிண்டி எஸ்டேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். "இன்னொரு வாட்டி மூடின கேட்டுக்கு முன்னாடி உன்னைப் பார்த்தேன், கன்ஃபர்மேஷனை மறந்துடு" என்று சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். சைக்கிள் வாங்கின வாரமே கேன்டீன் நடுவில் நின்று, "இந்த ஜென்மத்துல இனிமே பஸ் ஏறமாட்டேன்" என்று அறிவித்திருந்தேன். அதற்கு நாலு பேர் கைதட்டியும் இருந்தார்கள். எப்படி ஏறுவது?

சரி, டயரை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் சாமான் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, என் சக்கரம் இருபத்தாறு இன்ச். முண்டு இல்லாம, ஒல்லியா, ரோட்டுல ஓட்டற டயர் வேணும்."

"இருவத்தாறுன்னா இருவத்தாறுதாம் தம்பி. இதுல என்ன யோசன?"

புது டயரில் 26 என்று அச்சடித்திருந்தது. என் தடி டயரிலும் 26தான். ஜோடியாக வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் வந்தேன். வீட்டுக் குழாயடியில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். தடி டயர், ஸ்பேனரைப் போட்டு நெம்பின பிறகுதான் வெளியே வந்தது. புது டயரோ கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. எனக்கு ஒரே பெருமை. சக்கரத்தைத் தூக்கினேன். டயர் தானே கழன்று, சாக்கடை வரை உருண்டுபோய்ப் படுத்துக்கொண்டது. சின்னக் குழந்தைக்குப் பெரியவளின் வளையலை மாட்டின மாதிரி ரிம்மைச் சுற்றி அத்தனை இடைவெளி.

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை சபதம் செல்லாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இது சேரல. லொடலொடங்குது."

"இருவத்தாறுல ரெண்டு இருவத்தாறா இருக்கும்? ஒன் ரிம்மு தேஞ்சிருக்கும்."

"புது சைக்கிள் அண்ணாச்சி!"

"அப்ப புது ரிம்மு தேஞ்சிருக்கும். வித்தத திருப்பி எடுக்கதில்ல. போர்டப் பாரு."

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. ஏனென்றால், இருபத்தாறில் இரண்டு இருபத்தாறு இருக்கத்தான் செய்கிறது! தடி டயரும் ஒல்லி டயரும் வெளிச்சுற்றில் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் இரண்டுக்கும் ஒரே நம்பர். உள்ளே உட்காரும் ரிம் மட்டும் தடிக்குச் சின்னது, ஒல்லிக்குப் பெரியது. இதைச் சக்கரத்தில் எழுதினானா? இல்லை. டயரில் எழுதினானா? இல்லை. செருப்புக்கடையில் எட்டாம் நம்பர் கேட்டால், தடியனுக்கு ஒரு எட்டு, ஒல்லியனுக்கு ஒரு எட்டு என்றா கொடுக்கிறார்கள்? இந்த நம்பரை வைத்த மகராசன் எந்த நாட்டுக்காரனோ, கையில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரங்கநாதன் தெருவில் அவனுக்கு மாடு ஒன்றைப் பிடித்துக்கொடுத்து, ஓட்டிக்கொண்டு போடா என்று விட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா புருஷன், எங்கள் அத்திம்பேர், பேப்பரை மடித்துக்கொண்டு தயாராக நிற்கிறார். பேங்க் உத்தியோகம். எதற்கும் அவரிடம் ஒரு யோசனை உண்டு.

"ஏண்டா, இதுக்கா இப்படிக் குதிக்கறே? பழைய வேஷ்டி ஒண்ணு கொண்டா. கிழிச்சு ரிம்முல சுத்திண்டு, மேல டயரைப் போட்டுக் காத்தடி. கப்புனு பிடிச்சுண்டுடும்."

"கழட்டின டயரையே திரும்ப மாட்டிக்கோயேண்டா" என்றாள் அம்மா.

"முடியாது!" என்று கத்தினேன். அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம்.

அத்திம்பேர் வேஷ்டியைச் சுற்றச் சுற்ற நான் டயரை அமுக்கினேன். பின்சக்கரத்துக்கே பொழுது சாய்ந்துவிட்டது. முன்னால் மலை, பின்னால் ரோடு என்று திங்கட்கிழமை கிளம்பினேன். டயர் கோணிக்கொண்டு உட்கார்ந்ததில் சீட் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படியே கிண்டி ரேஸ் கோர்ஸில் நுழைந்திருந்தால் என்மேல் பணம் கட்டியிருப்பார்கள். ஆனாலும் ஓடியது! அடையாறு பாலத்தில் பால்காரரைத் தாண்டினேன். நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிண்டி பார்க் சுவர் ஓரம் வந்ததும் 'டமார்'. டயர் ஒரு பக்கம் எகிறியது, ட்யூப் கிழிந்து தொங்கியது, பச்சைக் கரை வேஷ்டி ரோட்டில் அவிழ்ந்துகொண்டே வந்தது. ஒரு பஸ் என்னைக் கடந்தது. ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு. கடைக்காரரை, அத்திம்பேரை, நம்பர் வைத்தவனை, வரிசையாகத் திட்டிக்கொண்டே தள்ளினேன். எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

வாட்ச்மேன் கம்பி வழியாகப் பார்த்தார். "இன்னா நைனா, சைக்கிளுக்கு வேட்டி கட்டி இட்டாந்துக்கீறே? பொண்ணு பாக்கப் போவுதா?"

சத்தம் கேட்டு சூப்பர்வைசரே வந்துவிட்டார். போகிற வேலை மரியாதையோடு போகட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "நீங்களே சொல்லுங்க சார், இருபத்தாறுன்னா இருபத்தாறுதானே சார்? ரெண்டு அளவுக்கு ஒரே நம்பர் வைப்பானா சார் எவனாவது?" என்று கம்பியைப் பிடித்து உலுக்கினேன். ரிம், வேஷ்டி, அண்ணாச்சி, எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி, சக்கரத்தில் தொங்கின பச்சைக் கரையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உதட்டின் ஓரம் என்னமோ ஆடியது. வாட்ச்மேனைப் பார்த்துத் தலையை அசைத்தார். சின்னக் கதவு திறந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கவேண்டும். நானோ நின்று, "சார், சாயந்திரமே வேற கடையில சரியான டயரா பார்த்து வாங்கி, நாளைக்கு எட்டுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ்ல வா."