பதினேழாவது அட்டை

ஞாயிற்றுக்கிழமை போகவிருக்கும் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தின் வழியை நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் மாற்றினேன். உசிலம்பட்டி தாண்டி ஒரு டீக்கடை, மேப்பில் பார்த்துப் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் வந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக அவர்களின் அட்டையில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்க, இன்று மதியம் அங்கே போனேன்.

வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "சைக்கிள் விசயந்தானண்ணே? நேத்து சாயங்காலமே ஒருத்தர் வந்து சொல்லிட்டாரே" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கடை எனக்கே தெரியாது.

"யாருண்ணே?"

"பேரு கேக்கல. சைக்கிள்லதான் வந்தாரு. பேனாகூடக் குடுத்தாரு."

எடுத்துக் காட்டினார். பச்சை மைப் பேனா. யாரும் தானே நேரத்தை எழுதிக்கொள்ளக் கூடாதென்று கடைக்காரர்களுக்கு நான் கொடுக்கிற அதே பேனா. அவருக்காகக் கொண்டுபோனது இன்னும் என் பையில் இருந்தது.

"பதினேழு பேரு வாராக, கடைசி ஆளு வர லேட்டாகும், கடையச் சாத்திராதீகன்னாரு."

பதிவு செய்திருப்பது பதினாறு பேர்.

விளையாடியது யாராக இருந்தாலும் இந்த வாட்ஸப் குரூப்பிலேயே சொல்லிவிடுங்கள் மாப்ள, திட்ட மாட்டேன். பதினேழாவது அட்டையும் தயார். பெயர் எழுதும் இடம்தான் காலியாக இருக்கிறது.