முத்தியால்பேட்டை ரூட்டருக்கு ஆயுத பூஜை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூன்று கட்டடங்கள். டவுனில் ஆபரேஷன் தியேட்டர், மூலக்குளத்தில் ஸ்கேன் சென்டர், முத்தியால்பேட்டையில் மருந்துக் கிடங்கு. ஒவ்வொன்றிலும் ஒரு ரூட்டர் வைத்து, மூன்றையும் முக்கோணமாக நெட்வொர்க் லைன் போட்டு இணைத்திருந்தோம். பத்தாவது மட்டும் படித்த எனக்கு அந்த ரூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது முருகன் போட்ட பிச்சை.

ஒரு ஆயுத பூஜை அன்று, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவருக்கு மூலக்குளத்தில் தலை ஸ்கேன் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிட்டது. அவருக்கு முன்னால் படம் வந்து சேர்ந்தால்தான் டாக்டர் தயாராக முடியும். டவுனில் எங்கள் திரையில் பாதிப் படம் வந்ததோடு எல்லாம் நின்றுவிட்டது.

"இன்னாய்யா இது, அப்படியே நிக்குது?" என்று டாக்டர் கத்தினார்.

படம் வழக்கமாக முத்தியால்பேட்டையைச் சுற்றித்தான் வரும். அதுதான் வேகமான லைன். அங்கிருந்த வாட்ச்மேனுக்கு போன் போட்டேன்.

"ஆஃப் பண்ணிட்டேண்ணே. பூஜையன்னிக்கு மெஷினு ஓடலாமா? சந்தனம் வச்சி பூ போட்டுட்டேன். கற்பூரம் எரியுது."

"அடப்பாவி, ஆன் பண்ணுய்யா!" என்றேன். ஆனால் அது எழுந்து வர நேரமாகும். பழைய பழக்கத்தில், வேறு வழியைக் கையால் அடிக்கலாம் என்று கீபோர்டை இழுத்தேன்.

பக்கத்தில் நின்ற எங்கள் இன்ஜினியர் மேடம், என் மகள் வயதுதான் இருக்கும், "இருங்கண்ணே, தானா வரும்" என்றார்.

முன்பெல்லாம் எந்த வழியாகப் போவது என்பதை ஒவ்வொரு ரூட்டரிலும் நான்தான் கையால் அடித்து வைப்பேன். மேடம் வந்ததும் அதை எடுத்துவிட்டு, ரூட்டர்களே வழி கண்டுபிடிக்கிற ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையைப் போட்டார். அதில் ரூட்டர்கள் பக்கத்து ரூட்டருக்கு 'ஹலோ' சொல்லிக்கொண்டே இருக்கும். தனக்கு நேராக யார் யார், அந்த லைனின் காஸ்ட் என்ன (லைன் வேகமாக இருந்தால் இந்த எண் குறையும்) என்பதை ஒவ்வொன்றும் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடும். எல்லாவற்றிடமும் ஒரே மேப். அதைப் பார்த்து காஸ்ட் குறைந்த வழியை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். தொடர்ந்து ஹலோ வராவிட்டால் அந்த லைன் போயிற்று என்று மற்றவற்றுக்குச் சேதி போகும். மேப் மாறும், வழியும் மாறும்.

அப்படியே நடந்தது. மூலக்குளத்திலிருந்து நேரே வரும் பழைய லைனில் படம் மெல்ல, கோடு கோடாக இறங்கியது. "ரைட் சைடுல ரத்தம் கட்டியிருக்கு, தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்று டாக்டர் எழுந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

கொத்தனார் பிழைத்துக்கொண்டார். வாட்ச்மேனை ஒரு பிடி பிடிக்கக் கிளம்பிய என்னை மேடம் தடுத்தார்: "விடுங்கண்ணே. அவரு ஆஃப் பண்ணப் போய்த்தானே நாம போட்டது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது?"

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வழியை உங்கள் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று என் கை கீபோர்டில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அது இல்லாமலே படம் வந்து சேர்ந்தது. அந்த நன்றி எனக்கு முருகனிடமும் உண்டு, மேடத்திடமும் உண்டு.