மூன்றாவது பெட்டி

தங்கதுரை எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைத் தட்டுவார். நடுவிரலை மடக்கி, முட்டியால் ஒரே ஒரு தட்டு. பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து, சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருப்பார். டீக்கடை டம்ளர், சந்தையில் பூசணிக்காய், பஸ்ஸின் ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் இதேதான். சத்தம் சரியாக இருந்தால் ஒருமுறை கண்ணை இமைப்பார். இல்லாவிட்டால் இமைக்காமல் தள்ளிவைப்பார்.

நான் ஆபீஸில் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, விரிசல் விழுந்ததைப் பிரிக்க வேண்டும். நல்ல பீங்கான் மணிபோல நின்று ஒலிக்கும். விரிசல் உள்ளது சட்டென்று செத்துவிடும். மேலே கிளேஸ் பூச்சு பளபளத்தால் கண் ஏமாந்துபோகும். அவர் காது ஏமாந்ததாக யாரும் சொன்னதில்லை. அவர் வரும்போது பேச்சை நிறுத்துங்கள், நம்மையும் ரிஜெக்ட்டில் போட்டுவிடுவார் என்று சூப்பர்வைசர் பழமலை கிண்டல் செய்வார்.

அவர் மனைவி சாவித்திரி பௌர்ணமிதோறும் சாயங்காலம் கோயிலில் பெண்களோடு சேர்ந்து பாடுவார். முதல் பாட்டை அவர் மட்டும் தனியாகப் பாடுவார். அதைத் தங்கதுரை போனில் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். ஊசி கிடைக்காமல் நின்றுபோன ரெக்கார்டு பிளேயர் பக்கத்திலேயே இருக்கும்.

"போன்ல வர்ற சத்தம் சூளையிலேர்ந்து எடுத்து ரெண்டு நாளு ஆன மாதிரி ஆறிக் கெடக்குது தம்பி. ரெக்கார்டு சத்தத்துல கொஞ்சம் சூடு இருக்கும். அதுக்கு ஒரு பெட்டி இருக்குதாமே?"

இருந்தது. போனில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி, டி.ஏ.சி. என்பார்கள். இணையத்தில் தேடி நான்தான் வரவழைத்தேன்.

முதல் பெட்டியில் தாளச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. மூன்றாவது அடியில் குரல் மேலே ஏறும் இடத்தில் தங்கதுரை கையைத் தூக்கினார். "இங்க ஒரு விரிசல்." எனக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது பெட்டி பழைய முறையில் செய்தது, ரெக்கார்டு போலவே ஒலிக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதே இடத்தில் மறுபடியும் கை உயர்ந்தது.

பிறகு அவர் பழைய பதிவுகளை மாதவாரியாகப் போடச் சொன்னார். தைப் பௌர்ணமியில் கை அசையவில்லை. மாசியில் முடி அளவு என்றார். பங்குனியில் நக அளவு. சித்திரைப் பாட்டைப் போட்டபோது, அந்த இடம் வருவதற்கு முன்பே அவர் உடம்பு பின்னால் நகர்ந்தது. மாதத்துக்கு மாதம் விரிசல் வளர்ந்திருந்தது. விரிசல் பெட்டியில் இருந்தால் வேறு பெட்டி வாங்கிவிடலாம்.

சாவித்திரி அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டுமுறை தொண்டையைச் செருமினார்.

"சாவித்திரி, ஒரு ஆ சொல்லு."

"எதுக்குங்க?"

"சும்மாதான் சொல்லேன்."

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே ஆ என்று இழுத்தார். தங்கதுரை தலையை இடப்பக்கம் சாய்த்தார். குரல் அடங்கி, ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சிய பிறகும் சாய்த்தபடியே இருந்தார். கண் இமைக்கவில்லை.

"என்னா, ரிஜெக்ட்டா?" என்று அக்கா சிரித்தார்.

தங்கதுரை என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டிதான் சரியில்ல தம்பி. வேற பாரு."

மூன்றாவது பெட்டியின் மேல் விரல் நீளத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. பழைய ரேடியோக்களில் இருந்ததுபோல. சத்தம் அதன் வழியே போகும்போது சூடேறும் என்று விளம்பரம். குழாய் மெல்ல ஆரஞ்சு நிறமானது. சித்திரைப் பாட்டு ஓடி, அந்த இடம் வந்து, கடந்தது. கை உயரவில்லை. தங்கதுரை ஒருமுறை கண்ணை இமைத்தார். எனக்கும் குரல் இதமாகத்தான் பட்டது.

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அது நான் பாடுன மாதிரி இல்லீங்களே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தங்கதுரை எதையும் தட்டி நான் பார்க்கவில்லை. கம்பெனியில் மட்டும் தட்டினார்.

ஆவணியில் ஒரு காலை அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். குரல் நாணில் கட்டி. எப்போதிலிருந்து குரல் மாறியது என்று டாக்டர் கேட்டார். அக்கா தெரியாது என்று கையை விரித்தார்.

"மாசிப் பௌர்ணமியிலேர்ந்துங்க," என்றார் தங்கதுரை.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அப்போதே ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்குத் தங்கதுரை தன் மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனில் உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. இப்போது அக்கா எதையாவது கேட்க வேண்டுமென்றால் சுவரில் முட்டியால் தட்டுகிறார். அந்தச் சத்தத்துக்குத் தங்கதுரை ஒவ்வொருமுறையும் துணுக்குறுகிறார்.

கார்த்திகையில் அந்த மூன்றாவது பெட்டி நின்றுபோனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் நடேஷிடம் கொடுத்தேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் காட்டினார். குழாய்க்குச் சத்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. வெளிச்சம் தருவதற்கு மட்டும்தான் அதற்கு இணைப்பு. மற்றபடி உள்ளே பாட்டை ஒலியாக மாற்றியது, முதல் பெட்டியின் விளம்பரத்தில் நான் பார்த்த அதே சில்லு.