வாய ஊது டீச்சரம்மா

சும்மா குடுக்கறவங்கள நான் நம்பவே மாட்டேன். எங்க பக்கம் கம்பெனி வர்றதுக்கு முன்னாடி ஒரு நெல புரோக்கரு பொங்கலுக்குத் தெருவுல அல்லாருக்கும் பொடவ குடுத்தான். மாம்பயக் கலரு, பார்டர்ல ஜரிக. ரெண்டு தொவையில சாயம் போச்சு. நெலமும் போச்சு. எங்க வேர்க்கல்ல போட்ட எடத்துல இப்ப காருக்கு பெய்ன்ட் அடிக்கிறாங்கோ. அதுலேந்து எவனாச்சும் ஃப்ரீன்னு சொன்னா, அவன் நீட்ற கைய வுட்டுட்டு இன்னொரு கை எங்க கீதுன்னுதான் தேடுவேன்.

அப்பிடி இருக்கறப்ப, பிள்ளைப்பாக்கத்துல எங்க தெரு முக்குல ஒரு ட்ரஸ்டு வந்து பால்வாடி தொறந்துச்சு. ஒரு டீச்சரம்மா வூடு வூடா வந்தா. கம்பெனிக்குப் போற பொம்பளைங்க கொயந்தைய வுட்டுட்டு போலாமாம், சாய்ந்தரம் வரிக்கும் பாத்துக்குவாங்களாம், சோறு, பருப்பு, தெனிக்கும் ஒரு முட்ட. துட்டு வாணாமாம்.

ஜபத்துக்கு ஆள் சேக்க வந்தவளோன்னு பாத்தேன். நெத்தியில குங்குமம் இருந்துச்சு. சரி, அப்ப கோயிலு வசூலுன்னு நெனச்சேன். அதுவும் கேக்கல. நேராவே கேட்டுட்டேன்.

"யம்மா, இதுல ஒனக்கு இன்னா லாபம்?"

அவ சிரிச்சா. பதிலு இல்லாம சிரிக்கறவ பெரிய கேடின்னு மனசுல குறிச்சிக்கினேன்.

ஆனா வேற வயி இல்ல. என் மருமவ ஒயரு கோக்கற கம்பெனியில லைன்ல நிக்கறா. கான்ட்ராக்ட்டு. ரெண்டு நாளு சேந்தாப்ல லீவு போட்டா, அப்பால அவ எடத்துல வேற ஒருத்தி நின்னுக்கினு இருப்பா. என் புள்ள லாரி ஓட்டறான், வூட்டுக்கு வந்தா தூங்கத்தான் வருவான். நான் பாத்துக்கலாம்தான். ஆனா ஒருநா நான் கால நீட்டிக்கினு குந்தியிருந்தப்ப என் பேத்தி ரோட்டுக்கு ஓடிட்டா. கன்டெய்னர் வண்டி பிரேக்கு போட்ட சத்தம் இன்னும் என் காதுல கீது. நான் எயிந்து நிக்கறதுக்குள்ள எவனோ ஒருத்தன் கொயந்தைய வாரிக்கினு வந்துட்டான். அன்னிக்கி மருமவ என்ன ஒண்ணியும் சொல்லல. சொல்லியிருந்தா தேவல.

அதனால பேத்திய பால்வாடியில வுட்டோம். வுட்டுட்டு நான் கம்முனு இருப்பேனா? தெனிக்கும் சாய்ந்தரம் கொயந்தைய வாங்குனதும் வாய மோந்து பாப்பேன். முட்ட வாட வந்தா சரி.

"அத்தே, நீ போலீசு நாயா பொறந்திருக்க வேண்டியது"ன்னு மருமவ சொல்லுவா.

"நாயின்னா சோறாச்சும் நேரத்துக்குப் போடுவாங்கடி."

நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. ஒருநா மோந்தா, முட்ட வாட இல்ல. மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாளும் வெறும் பருப்பு வாடதான். மாட்னாடா திருடின்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. மத்தியானமே கெளம்பிப் போயி வாசல்ல நின்னேன்.

"டீச்சரம்மா, கொயந்தைங்க முட்ட எங்க போச்சு?"

"நிறுத்திட்டேன் ஆயா. கவர்மெண்டு குடுத்துட்டிருந்த பணம் மொதல்ல பாதியாச்சு, இப்ப நின்னே போச்சு. இருக்கற அரிசி இந்த வாரம் வரைக்கும் வரும். அப்புறம் பூட்டுதான்."

சர்க்கார் மேல பயியப் போட்டா யாரு போயி கேக்கப் போறாங்கன்ற தெகிரியம்! உள்ள பூந்து அரிசி டிரம்ம தொறந்தேன். அடி தெரிஞ்சுது. அதையும் வித்துட்டிருப்பா. நம்பாத.

"எங்க, வாய ஊது."

"என்னது?"

"ஒரகடம் ரோட்ல குடிகாரன புடிச்சி ஊதச் சொல்றாங்கல்ல, அந்த மாரி ஊது. முட்ட ஒன் வயித்துல கீதா, மெய்யாலுமே நின்னுபோச்சான்னு பாக்கணும்."

கோவப்படுவான்னு பாத்தேன். பாவம், குனிஞ்சி ஊதனா.

முட்ட இல்ல. கொயம்பு இல்ல. டீத்தண்ணி கூட இல்ல. காலைலேந்து ஒண்ணியும் துன்னாத வயித்துலேந்து ஒரு புளிச்ச வாட வரும் பாரு, அது. எனக்குத் தெரியாத வாடையா? அந்த வாடையோடயே பாதி வயச ஓட்டுனவ நான். கண்ணு நடிக்கும், நாக்கு நடிக்கும், வாய் வாட நடிக்காது.

"நீ துன்னலியா?"

"கொயந்தைங்க சாப்ட்டு மீந்தா சாப்டுவேன் ஆயா. இப்பல்லாம் மிஞ்சறதில்ல."

அன்னிக்கி ராவு மருமவ கிட்ட சொன்னேன். அவ சோத்துத் தட்ட தள்ளி வச்சா. "பூட்னா நான் வேலையிலேந்து நின்னுக்கறேன் அத்தே. கொயந்தைய ரோட்ல வுட முடியாது"ன்னா. என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னா.

விடிஞ்சதும் ஒரு பைய எட்த்துக்கினு கெளம்பனேன். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழு ஊத்த வூடு வூடா அரிசி வாங்குவோம்ல, அதே மாரி. ரேசன் அரிசின்னாலும் சரி, ஒரு புடி போதும்.

"ஆடி இன்னும் வர்லியே ஆயா?"ன்னு எங்க தெருவுலயே கேட்டாங்கோ.

"அம்மனுக்கு இல்லடி. அம்மனுக்கு பசிச்சா ஆடி வரிக்கும் தாங்கும். பால்வாடியில கீறது ரெண்டு வயசு."

சிரிச்சிக்கினே போட்டாங்கோ. அப்பால வாடகைக்காரங்க இருக்கற லைன் வூட்டுப் பக்கம் போனேன். அங்க தெக்கத்தி பொண்ணு ஒருத்தி, புருசன் நைட் ஷிப்டு. பாதி கதவத்தான் தொறந்தா. மொதல்ல என் பையப் பாத்தா, அப்பால மூஞ்சிய.

"ஆச்சி, இதுல ஒங்களுக்கு என்ன லாவம்?"

அடிப்பாவி! எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு, பதிலு வர்ல. நான் சிரிக்கச் சிரிக்க அவ கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கினே வந்துச்சு.

"இரு தாயி, சொல்றேன். என் மருமவளுக்கு வேல நெலைக்கும். என் பேத்தி லாரிக்கு அடியில போவ மாட்டா. அதான் என் லாபம். போதுமா?"

ஒரு புடி போட்டா. சின்னப் புடி.

மறுநா மத்தியானம் பால்வாடியில நான் அரிசி களைஞ்சிக்கினு இருக்கேன், சன்னல்ல ஒரு நெயலு. அந்த தெக்கத்தி பொண்ணுதான். அவ அரிசி ஒலையில வேவுதா, என் பையிலயே கீதான்னு எட்டி எட்டிப் பாக்கறா. எனக்கு அப்டி ஒரு சந்தோசம். இந்த ஊருக்கு வந்தவங்கள்ல இவ ஒருத்திதான் வெவரமானவ.

"வெளிய நின்னு பாத்தா இன்னா தெரியும்? உள்ள வா. நாளிக்கி பையத் தூக்கிக்கினு நீயே போ. அப்பால நான் வந்து ஒன் வாய மோந்து பாக்கறேன்."

பூட்டு போடறதா சொன்ன வாரம் போயி அடுத்த வாரமும் வந்துச்சு. மருமவ ஷிப்டுக்குப் போய்க்கினுதான் கீறா. அரிசி ஒருநா வயியும், ஒருநா தட்டும். டீச்சரம்மா துன்றாளான்னு நான் பக்கத்துல குந்திதான் பாக்கறேன், அவ சொன்னா நம்பறதில்ல. சாய்ந்தரம் பேத்தி வாய மோந்து பாக்கறதையும் வுடல. சோத்து வாட வருது. முட்ட வாடதான் இன்னும் வர்ல.