பாரிஸிலிருந்து பார்த்த பேரீச்சம்பழம்

என் பிழைப்பு, ஐரோப்பியர்களை மறப்பது. அங்கே உள்ள ஒரு துணிக்கடைக்கு இணையத்தில் வரும் கடிதங்களுக்கு இங்கே வீட்டிலிருந்தபடி பதில் எழுதுகிறேன். ‘என்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களை எல்லாம் அழித்துவிடுங்கள்’ என்று ஓர் அம்மாள் எழுதுவார். அவர் வாங்கிய சட்டையின் அளவு முதற்கொண்டு தேடி அழித்து, ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். அந்த ஊர்ச் சட்டம் அப்படி. முகம் தெரியாதவர்களின் மானத்தை இவ்வளவு சிரத்தையாகக் காக்கிற எனக்குச் சொந்த வீட்டில், அதாவது மனைவியின் வீட்டில், மறைவாக ஒரு கொட்டாவி விட இடம் கிடையாது.

கீழக்கரைப் பக்கம் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன். பன்னிரண்டு வருடமாக மாப்பிள்ளையாகவே இருக்கிறேன், பதவி உயர்வு இல்லை. என் மனைவியின் அண்ணன் பாரிஸில் வேலை பார்க்கிறார். தன் உம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, பாதுகாப்பு என்று சொல்லி, போன விடுமுறையில் கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனார். திருடனைப் பார்க்க வைத்தது. திருடன் வராததால் என்னைப் பார்த்தது. பேசவும் செய்யும். நான் சோபாவில் கண்ணயர்ந்தால் உத்தரத்திலிருந்து குரல் இறங்கும்: “மச்சான், இன்னைக்கு ஆபீஸ் லீவா?”

ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால் ராமநாதபுரத்து டாக்டர் எனக்குச் சர்க்கரை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, இந்த வருடம் நோன்பு வைக்க வேண்டாம், மார்க்கமே அனுமதிக்கிறது என்றும் சொன்னார். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளைக்கு நோய் என்று தெரிந்தால் மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் முதலில் நிற்பது இனிப்பு. எனவே ஊரே பார்க்க நோன்பும் வைத்தேன், டாக்டர் பேச்சுக்கு மரியாதையாக, விடியுமுன் சாப்பிடும் சஹரில் மாத்திரையும் போட்டேன். இப்படி இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்ப்பதற்கு ஒரு தனி முட்டாள்தனம் வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது.

ஏழாம் நோன்பு, உச்சி வேளை. மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, கண் இருட்டியது. வீட்டில் எல்லோரும் உள்ளறையில் படுத்திருந்தார்கள். கூடத்தில் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, அதன் கதவுக்குப் பின்னால் குந்தி, பேரீச்சம்பழங்களை வாயில் திணித்தேன். கூடவே தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டிய தொதல் ஒரு துண்டு. தொதலை மருந்து என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டார் கண்ணில் படாமல் ஒளிவதில் இருந்த மும்முரத்தில், கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது உறைக்கவில்லை. அங்கே அது காலை நேரம். பாரிஸ் மச்சான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டே பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விட்டாரா? வெட்டி எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார், அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மைகளோடு. குழுவில் எண்பது பேர். துபாயிலும் இருக்கிறார்கள், தொண்டியிலும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றியவர் என் கிண்ணத்தைப் பார்த்து அகப்பையை நிறுத்தினார். “மாப்பிள்ளைக்கு அரைக் கிண்ணம் போதும். அவுக மத்தியானமே நோன்பு தொறந்துட்டாக.”

வரிசை முழுக்கச் சிரித்தது. வழக்கமாக அந்த வரிசையில் சிரிப்பு மூட்டுகிறவன் நான். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் நின்றால் சுடும் என்று. எங்கள் ஊரில் ஒருவனைக் கடன்காரன் என்றாலும் தாங்குவான், நோன்பு முறித்தவன் என்றால் தாங்க மாட்டான். வீட்டில் மாமி அடுத்த நாள் சஹருக்கு என்னை எழுப்பவில்லை.

அன்று முடிவு செய்தேன்: மச்சானைச் சும்மா விடுவதில்லை. கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று பார்த்தேன். இருந்தது ஒன்றே ஒன்று, என் தொழில்.

சொந்த வீட்டு உபயோகம் என்றால் அந்த ஐரோப்பியச் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் கேமரா வாசலைத் தாண்டிப் பொதுத்தெருவைப் பார்த்தால் ஒதுங்காது என்று அவர்கள் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எங்கள் கதவு திறந்தால் தெருவில் மீன் விற்கிறவரின் தராசு வரை தெரியும். பாரிஸிலிருந்து பார்க்கப்படும் ராமநாதபுரம் ஜில்லாத் தெரு அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். மச்சான் அறிஞர் இல்லை.

ஆங்கிலத்தில் நான்கு பக்கம், பாரிஸ் முகவரிக்குப் பதிவுத் தபால். என் காட்சிகள் அனைத்துக்கும் நகல் வேண்டும். பிறகு அழிக்க வேண்டும். யார் யாருக்கு அனுப்பினீரோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் அழித்ததைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் பிரெஞ்சு அதிகாரிகளிடம் முறையிடப்படும். அந்த வீடியோ உடல்நலம் பற்றிய தகவல், அதற்குக் கூடுதல் பாதுகாப்பு என்று காட்ட, என் நோய், மாத்திரையின் பெயர், டாக்டர் சீட்டின் நகல் எல்லாவற்றையும் இணைத்தேன். எழுதும்போது பசியே தெரியவில்லை.

தபால் சேர்ந்த அன்றே போன் வந்தது.

“என்ன மச்சான் இது, பிரெஞ்சு சர்க்காருக்கு எழுதுவேன்னு போட்டிருக்கீக?”

“எழுதலையே. எழுதுவேன்னுதானே போட்டிருக்கேன்.”

“எனக்கு இங்கன சிட்டிசன்ஷிப் ஃபைல் ஓடிக்கிட்டு இருக்கு மச்சான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

மறுமுனையில் அவர் என் நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் மாமியார் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் விருந்து அதுதான்.

பயந்த மனிதர் அவசரப்பட்டார். எண்பது பேருக்குத் தனித்தனியாக என்ன எழுதுவது என்று தெரியாமல், என் நான்கு பக்கத்தையும் டாக்டர் சீட்டையும் படம் பிடித்து அதே குழுவில் போட்டு, ‘எல்லாரும் வீடியோவை அழிங்க’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். நான் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த நோய், என் கையெழுத்தோடு துபாய் வரை போனது. கேமரா நின்றது, வீடியோ போனது. கஞ்சி ஊற்றுகிறவர் இப்போது, “பாவம், ஒடம்புக்கு முடியாதவுக” என்று வழிவிட்டார். மாமி பாகற்காய்க்குப் பாகற்காய் தொட்டுக்கொள்ள வைத்தார். மச்சானை வெட்டக் கத்தி தீட்டியவன் முதலில் தன் விரலைத்தான் நறுக்கிக்கொண்டேன்.

பெருநாள் மத்தியானம். மனைவி போனை நீட்டினாள். திரையில் மச்சான், புதுச் சட்டை, முன்னால் ஒரு தட்டில் வட்டிலப்பம் என்கிற முட்டை இனிப்பு.

“பெருநாளும் அதுவுமா கேக்குறேன். மனசுல வச்சுக்காதீக மச்சான், மாஃப் பண்ணிருங்க.”

பெருநாளன்று மன்னிப்புக் கேட்டால் மறுக்கக் கூடாது. மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

“பண்ணிட்டேன்” என்றேன். “ஆனா நீங்க சிரிச்சது எண்பது பேருக்கு முன்னால. கேக்குறது மட்டும் எங்கிட்டத் தனியாவா?”

“சும்மா வெளையாட்டுக்குப் போட்டது மச்சான்.”

“நானும் வெளையாட்டுக்குத்தான் நாலு பக்கம் எழுதினேன்.”

அவர் வட்டிலப்பத்தைத் தொடாமல் போனை வைத்தார். மூன்று நாள் எதுவும் இல்லை. மாமி என்னோடு பேச்சைக் குறைத்தார், பாகற்காயைக் கூட்டினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சர்க்கரை ஒழுங்காக இருந்தது.

நான்காம் நாள் குழுவில் வந்தது: ‘மச்சான் நோன்பை வேணும்னு விடலை. மயங்கி விழப்போனவரைப் பாத்து நான் சிரிச்சேன். ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கவும் இல்லை. தப்பு என்னோடது.’

அதன் கீழே முதல் கட்டைவிரல் பொம்மை மாமியுடையது. பிறகு தொண்டி, துபாய், வரிசையாக ஏறின. அந்த வாசகத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். நான் மட்டும் கட்டைவிரல் போடவில்லை. மச்சான் பார்ப்பார் என்று தெரியும். பார்க்கட்டும்.