கடவுச்சொல்லின் முதற்பாதி

"சாவிக்குப் பொறுப்பானவர் நாட்டைவிட்டு வெளியேறுமுன், தன்னிடமுள்ள சாவியைச் செயற்குழு நியமிக்கும் வேறொருவரிடம் எழுத்துமூலம் கையளித்தல் வேண்டும்."

கண்டி மஹய்யாவையிலுள்ள எங்கள் நலன்புரிச் சங்கத்தின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், இப்படி ஒரு விதி இருக்கிறது. எழுதியவன் நான்தான். அரசாங்கக் காரியாலயத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவனைச் செயலாளராக்கினால் சங்கத்துக்கு முதலில் கிடைப்பது யாப்புத் திருத்தம். பிறகுதான் மற்ற நலன்கள்.

காரியாலயங்களில் இரும்புப் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு இருக்கும். ஒரு சாவி பெரியவரிடம், மற்றது காசாளரிடம். இருவரும் பக்கத்தில் நின்றால்தான் பெட்டகம் திறக்கும். இருவரும் சேர்ந்தே திருடினால் என்ன செய்வது என்று கேட்கக் கூடாது. அதற்கு வேறு விதி உண்டு. எங்கள் சங்கத்தின் உண்டியல் பெட்டிக்கும் அதே முறைதான். ஆகவே உறுப்பினர் ஒருவரின் வெளிநாட்டு மகன் வாசிப்பறைக்கு ஒரு கணினியை அன்பளிப்புச் செய்தபோது, அதன் கடவுச்சொல்லையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். முதற்பாதி தலைவருக்கு, பிற்பாதி செயலாளருக்கு. ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக் கூடாது. வாயால் சொல்லக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. சபை கைதட்டியது. பொருளாளர் மட்டும், "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டா?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னோம்.

அதன் பிறகு கணினியைத் திறப்பது ஒரு பூசையாகிவிட்டது. தலைவர் கதிரையில் அமர்ந்து ஒற்றை விரலால் தன் பாதியைத் தட்டுவார். அவர் தட்டி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்போம். சுவரில் சிறுவர்களுக்கான மிருகங்களின் படம் ஒன்று தொங்கியது. அந்த நாட்களில் எருமையின் முகத்தை நான் பார்த்த அளவுக்கு வேறெவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு தலைவர் எழுவார், நான் அமர்வேன், அவர் எருமையைப் பார்ப்பார்.

கணினிக்கு இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. இணைய இணைப்புக் கொடுக்கக் கூடாது, இளைஞர்கள் கெட்டுப்போவார்கள். பென்டிரைவ் செருகக் கூடாது, வைரஸ் வரும். இரண்டையும் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறைபோட்டு, மேசையில் ஒட்டியிருந்தேன்.

இந்தக் கணினியை உண்மையில் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் இறங்கி வருவார், மஹய்யாவையில் தன் சித்தி வீட்டில் தங்குவார், ஞாயிறு பின்னேரம்வரை தட்டச்சுச் செய்வார். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இடையில் படிப்பை விடுகிறார்கள் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சம்பளத்தில் பாதி தம்பிமார் படிப்புக்குப் போனதால் சொந்தக் கணினி இல்லை. எங்கள் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆளும் அவர்தான். அதனால் அந்த ஆய்வேட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி இருக்கவில்லை.

தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் நெடுங்காலம் பாடசாலை அதிபராக இருந்தவர். மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவுக்குப் புறப்பட்டபோது, நான் யாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன் நின்றேன்.

"ஆரிட்ட குடுக்கிறது?" என்றார். "உப தலைவர் இல்லை. அந்தப் பதவியை வெட்டினது நீர். உம்மட்ட தந்தா ரெண்டு பாதியும் ஒருத்தரிட்ட. அதுவும் உம்மட விதிக்குப் பிழை."

"செயற்குழு ஒருத்தர நியமிக்கலாமே."

"எனக்கு நாளைக்கு பிளைட் ஐசே."

பிறகு அவரே ஒரு தீர்வைக் கண்டுபிடித்தார். தன் பாதியைத் தட்டினார், என் பாதியைத் தட்டச் சொன்னார், கணினி திறந்ததும் "இனி இதை அணைக்காதேயுங்கோ. திரையை மட்டும் அணையுங்கோ" என்று கட்டளையிட்டார். அதாவது பெட்டகத்தை அகலத் திறந்து வைத்துவிட்டு, சாவியை மட்டும் பத்திரமாகக் கனடாவுக்குக் கொண்டுபோனார்.

பங்குனி மாதத்தில் கண்டியில் பின்னேரமானால் இடிமழை என்பதும், இடி இடித்தால் மஹய்யாவையில் கரண்ட் போகும் என்பதும் அதிபராக இருந்தவருக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. கரண்ட் போனது. வந்தது. கணினி புதிதாகப் பிறந்த பிள்ளையைப்போல் எங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தது.

சனிக்கிழமை ஆசிரியை வந்தார். கடைசி அத்தியாயத்தின் முடிவுரை மட்டும் பாக்கி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாயிற்று. இந்த முறையும் தவறினால் பதிவு இரத்தாகும். பட்டமும் இல்லை, அதற்காகத் தோட்டம் தோட்டமாக ஏறியிறங்கிய வருடங்களும் இல்லை.

"சேர், மெஷின் பாஸ்வேர்ட் கேக்குது."

"பார்த்தேன்."

"உங்க பாதிய அடிங்க."

"பாதி அடிச்சா தொறக்காதும்மா."

"பாதி ஆய்வாவது தொறக்குமான்னு பாருங்க சேர்."

அவருக்காக அடித்தேன். கடவுச்சொல் பிழை என்றது. கீழே ஒரு குறிப்புத் தோன்றியது. மறந்துபோகும் பாவனையாளருக்கு நினைவூட்ட, கணினியை அமைக்கும்போது நாமே எழுதிவைக்கும் குறிப்பு அது. நான் எழுதியிருந்தேன்: யாப்பைப் பார்க்கவும்.

ஆசிரியை அதை வாசித்தார். பிறகு மேசையில் ஒட்டியிருந்த என் விதிகளை வாசித்தார். பிறகு என்னை வாசித்தார். "இந்த மூணுலயும் எதுல சேர் என்னோட நாலாம் அத்தியாயம் இருக்கு?" என்று கேட்டார்.

தலைவருக்கு முதலில் மின்னஞ்சலில் முறைப்படி ஒரு கடிதம் அனுப்பினேன். ஆசிரியைக்குக் கடிதத்தில் நம்பிக்கை இல்லை. அன்று பின்னேரமே தன் போனில் வாட்ஸ்அப்பில் அழைத்து என் கையில் திணித்தார். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு சிசு வீரிட்டது.

"ஓம், சொல்லும்."

"உங்க பாதி வேணும். கரண்ட் போயிட்டுது. டீச்சரோட ஆய்வு உள்ள மாட்டிக்கிட்டுது."

"போனிலயோ? வாயால சொல்லக் கூடாதெண்டு பிரேரிச்சது நீர்தானே. கூட்டறிக்கையில கிடக்கு."

"இது அவசரம்."

"அவசரமெண்டா செயற்குழுத் தீர்மானத்தோட எழுத்தில தாரும்."

"செயற்குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் நீங்க."

"அதுதானே சொல்லுறன். நான் வந்தாப் பிறகு கூட்டுவம்."

கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் வாசித்த ஆண்டறிக்கையின் பிழைகளை நான் எழுந்து நின்று ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தேன். அவருடைய குரலில் அன்றைய கைதட்டல் இன்னும் கேட்டது. என் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். பார்த்துப் பதில் போடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். ஆசிரியை என் கையிலிருந்து போனை வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு கதவ கட்டினீங்க சேர். ஒருத்தர் கனடால, ஒருத்தர் கதவுக்கு வெளியில. உள்ள இருக்கிறது நான்."

பதில் வரவில்லை. மூன்று நினைவூட்டற் கடிதங்களை, ஒன்றைவிட ஒன்று கடுமையாக, அனுப்பினேன். அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நான் பதில் அனுப்பாமல் இருந்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் எப்படி உயிரோடிருந்தார்கள் என்பது வியப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியை காத்திருக்கவில்லை. ஆட்டோ ஒன்றை வாசலில் நிறுத்தி, கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் ஏற்றினார். நகரத்தில் ஒரு மாடிக்கடை. கணினி திருத்துபவர் பல தலைமுறையாகக் கண்டியில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர். ஆசிரியை அவரை அண்ணன் முறையில் நாநா என்றார், அவர் ஆசிரியையைத் தங்கச்சி என்றார். அரைவாசி வேலை அதிலேயே முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

"உள்ளுக்கு ஈக்கிற எல்லாத்தையும் எடுக்கேலும்," என்றார். "பாஸ்வேர்டையும் கழட்டிரலாம். லேசான வேல. மெஷின் யாருட?"

"சங்கத்தோட," என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்ப கடிதம் வேணும் சேர். தலைவரும் செயலாளரும் ரெண்டு பேரும் சைன் வெச்சி, சீல் அடிச்சி."

"நாநா, நான் அழுதுருவேன்," என்றார் ஆசிரியை.

"அழுங்க தங்கச்சி, நான் டிஷூ தாரேன். கடிதம் இல்லாம ஏலா. ஒரு கொமிட்டிட மெஷின தொறந்து குடுத்தேன். அடுத்த நாள் மத்தக் கொமிட்டி வந்து இந்தக் கடைக்குள்ள நிண்டு ஏசின ஏச்சு, வீட்டுல ஈக்கிற என்ட உம்மாக்கு கூட கேட்டிச்சி."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் அவமானம். அவர் கேட்டது முற்றிலும் சரி. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் கேட்டிருப்பேன்.

மாடிப்படியில் வந்து நின்றோம். கீழே வீதியில் புத்தாண்டுச் சனம். ஆசிரியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "சேர், நீங்க வேல செஞ்ச ஆபீஸ்ல பெரியவர் லீவுல போனா என்ன செய்வீங்க? எல்லாரும் கதவ சாத்திட்டு வீட்டுக்குப் போயிருவீங்களா?"

அந்தக் காரியாலயம் நினைவுக்கு வந்தது.

எங்கள் நாட்டில் எந்தப் பெரியவரும் கையெழுத்து வைப்பதில்லை. பெரியவர் கூட்டத்தில் இருப்பார், கொழும்பில் இருப்பார், சுகவீனமாக இருப்பார். கடிதம் மட்டும் நேரத்துக்குப் போகும். கீழே பெரியவரின் பதவிப்பெயர் அச்சிட்டிருக்கும், அதன் வாலில் பேனையால் ஓர் ஒட்டுச் சேர்த்திருக்கும்: "பணிப்பாளருக்காக". பக்கத்தில் யாருடையதென்று தெரியாத ஒரு கிறுக்கல், அதன்மேல் வட்ட முத்திரை. நாட்டின் பாதி நிர்வாகம் இந்த "காக"விலே ஓடுகிறது. அதற்கான அதிகாரம் எழுத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த எழுத்தைக் காட்டச் சொல்லி யாரும் ஒரு கடிதத்தைத் திருப்பியனுப்பியதை மட்டும் நான் கண்டதில்லை. முத்திரை வட்டமாக இருந்தால் போதும். சங்கத்தின் முத்திரை செயலாளரின் பொறுப்பில் இருந்தது.

மஹய்யாவைக்குத் திரும்பிப் போய், சங்கத்தின் தலைப்புத் தாளில் கடிதத்தை எழுதினேன். இடப்பக்கம் செயலாளராகக் கையெழுத்திட்டேன். வலப்பக்கம் "தலைவருக்காக" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். இத்தனை காலம் மற்றவர்களின் இதே கிறுக்கலைப் பிடித்து விளக்கம் கேட்டவன் நான். பேனை இறங்க மறுத்தது.

"என்ன சேர், மை இல்லையா?"

"இருக்கு."

"அப்ப பயமா?"

"இது முறையில்ல."

"என்கிட்ட பேசின அம்மாமார் எல்லாம் கொழுந்து நிறுக்கிற நேரத்த விட்டுட்டு வந்து பேசினாங்க சேர். அவங்ககிட்ட திரும்பப் போயி, ஒங்க கத ஒரு பெட்டிக்குள்ள பூட்டிருச்சி, இன்னொருக்கா சொல்லுங்கன்னு நான் கேக்கவா? அது முறையா?"

கையெழுத்து வைத்தேன். முத்திரையை நானே அழுத்தினேன். கொஞ்சம் சரிந்து விழுந்தது, அதனால் அசலான அரசாங்கக் கடிதம்போலவே இருந்தது.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலப்பக்கம் யாரு சேர்?"

"அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தர்."

"இடப்பக்க சைனும் இதும் ஒரே ஜாடையா ஈக்கே."

"ஒரே காரியாலயத்தில் பயிற்சி பெற்றவர்கள்."

அவர் சிரிக்காமல் கடிதத்தைக் கோப்பில் போட்டார். அன்றைக்கு அவர் மீதான மரியாதை எனக்கு இன்னும் கூடியது. பிளேன்டீ வந்தது, குடித்து முடிப்பதற்குள் கணினி திறந்தது. கடவுச்சொல்லே கேட்காமல், எந்தப் பாதியையும் யோசிக்காமல் திறந்தது. ஆசிரியை நாலாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக இறக்கி, கடைசி வரிவரை பார்த்தார். முகத்தை ஒருமுறை சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே செருகினார்.

"வைரஸ் வருமா சேர்?"

"வரட்டும்," என்றேன்.

முடிவுரையை அன்றிரவே சித்தி வீட்டில் இரவல் மடிக்கணினியில் எழுதினார். அச்சிட்டு, புத்தகமாகக் கட்டி, விடுமுறைக்கு முந்திய நாள் பேராதனையில் ஒப்படைத்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "குடுத்துட்டேன் சேர். கையெழுத்த நானே வச்சேன்."

புத்தாண்டு வந்து போனது. நான் அனுப்பிய கடிதத்துக்கும், அதற்கான நினைவூட்டல்களுக்கும் தலைவர் ஒரே பதிலாக அனுப்பினார். தங்கள் கடிதங்கள் கிடைக்கப்பெற்றன. விடயம் எனது கவனத்தில் உள்ளது. நான் நாடு திரும்பித் தீர்மானம் நிறைவேறும்வரை கணினியை எவரும் தொடலாகாது. ஆசிரியை பொறுமை காக்க வேண்டும் என்று எனது சார்பில் அவருக்கு அறிவிக்கவும்.

ஆசிரியையிடம் அதை வாசித்துக் காட்டப் போனை எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. பேராதனையில் பரீட்சகர்கள் முன்னால் உட்கார்ந்து, அந்த அம்மாமார் சொன்னதற்கு விளக்கம் கூறிக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து பதில் வந்த அந்தத் திகதி, இங்கே மே மாதத்தில் பௌத்தர்களின் வெசாக் போயா விடுமுறைகள் முடிந்து காரியாலயங்கள் திறந்த முதல் நாள்.